டார்ச் பிடிக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு

2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டை அடுத்த மாரண்டஅள்ளி பக்கம் காளிகவுண்டன்கொட்டாயில் மூன்று யானைகள் மின்சாரம் தாக்கிச் செத்தன. காட்டுப்பன்றிக்காகக் கொல்லையைச் சுற்றிக் கட்டிய கம்பி; அதில் திருட்டுத்தனமாகக் கொடுத்த மின்சாரம். தப்பிய இரண்டு குட்டிகள் செத்துக் கிடந்த பெரிய யானைகளை விட்டு நகராமல் சுற்றிச் சுற்றி வந்ததை மாவட்டமே செல்போனில் பார்த்தது. நம் பிள்ளைகளும் பார்த்தார்கள். ‘ஏம்ப்பா செத்துச்சு?’ என்று கேட்டவர்களுக்கு நாம் சொன்ன பதில் என்ன? ‘பன்னிக்கு வச்சது, ஆனை வந்து மாட்டிக்கிச்சு.’

இதுவா பதில்? பள்ளிக்கூடத்தில் பல்லுயிர்ப் பாதுகாப்பு பற்றி ஒரு பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கி வருகிறான் பையன். ராத்திரி அப்பா மின்கம்பத்தில் கொக்கி போடும்போது டார்ச் அடிப்பவனும் அவன்தான். இரண்டில் எது அவனுக்கு நிலைக்கும்? நாம் செய்வதுதான். அடுப்படியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு பேசாமலிருக்கும் அம்மாக்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

பன்றி ஒரே ராத்திரியில் கடலைக்கொல்லையை உழுது போட்டால் என்ன வலி என்று எனக்குத் தெரியும். கடன்காரன் காத்திருக்க மாட்டான். ஆனால் அந்தக் கம்பிக்குப் பன்றி, யானை, தண்ணீர் பாய்ச்சப் போகும் மனுசன் எல்லாம் ஒன்று. எத்தனை ஊரில் எத்தனை பேர் அதில் போயிருக்கிறார்கள்! சூரிய மின்வேலி அப்படி இல்லை. பேட்டரியிலிருந்து விட்டுவிட்டு, கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகத்தான் அதில் மின்சாரம் பாயும்; சுண்டி விரட்டுமே தவிர உயிரை எடுக்காது. இதற்கு வேளாண் பொறியியல் துறை மானியமும் கொடுத்து வந்திருக்கிறது. பயிர் சேதத்துக்கு வனத்துறையில் இழப்பீடு கேட்கலாம். அலைய வைப்பார்கள், உண்மைதான். ஊர் சேர்ந்து போய்க் கேட்டால் அலைச்சல் குறையும்.

யானை இல்லாவிட்டால் நமக்கென்ன என்று கேட்பவர்களும் உண்டு. விளாம்பழத்தையும் புளியம்பழத்தையும் தின்றுவிட்டு மைல் கணக்கில் நடந்து, சாணியோடு விதையைப் போட்டுப் போகிற விலங்கு அது. ஒகேனக்கல்லைச் சுற்றிய காட்டில் அப்படி முளைத்த மரங்களும் உண்டு. நீர்நாயும் முதலையும் சாம்பல் நிற மலை அணிலும் இன்னும் அங்கே இருக்கின்றன. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டரை 2022 நவம்பரில் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவித்தார்கள். ஆனால் யானைக்கு அரசாணை தெரியாது. எல்லை தாண்டி அது வந்து நிற்பது நம் வரப்பில்.

வரப்பு என்றதும் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பாலக்கோட்டுத் தக்காளி லாரி லாரியாகப் போகிறது. தக்காளிப் பூவின் மகரந்தம் ஒரு குழலுக்குள் அடைந்து கிடக்கும். நன்றாக அதிர்ந்தால்தான் உதிரும். காற்று கொஞ்சம் உதிர்க்கும். கூட்டில் வாழும் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. வயிற்றில் நீலப் பட்டை போட்ட ஒரு சின்னக் காட்டுத் தேனீயும், மூங்கிலையும் காய்ந்த மரத்தையும் துளைத்துக் குடியிருக்கும் கருவண்டும் பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை உதறி மகரந்தத்தைக் கொட்டவைக்கின்றன. நீலப் பட்டைக்காரி முட்டை வைப்பது மண்ணில், மண்சுவரில், நம் வரப்பில். தக்காளி பூக்காத நாளில் அதற்குச் சாப்பாடு வரப்போரத் துளசியும் தும்பையும். அந்த வரப்பைத்தான் களைக்கொல்லி அடித்துச் சுடுகாடு மாதிரி வெளுக்க வைத்துவிட்டு, ‘சுத்தமா இருக்கு பாரு’ என்று பிள்ளையிடம் பெருமை பேசுகிறோம். ஒரு பக்க வரப்பையாவது விட்டுவையுங்கள். அதில் என்ன பூக்கிறது, என்ன வந்து உட்காருகிறது என்று பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வரப்பில் சாரைப்பாம்பைப் பார்த்தால் அடிக்காதீர்கள். அதற்கு விஷமில்லை, எலியைப் பிடித்துத் தின்னும்.

இந்த உயிர்களையெல்லாம் எழுதி வைக்க ஓர் இடமும் உண்டு. 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஒரு குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். ஊரின் மரம், மூலிகை, மீன், சாமை ரகம், ஆலம்பாடி மாடு எல்லாம் அதில் ஏற வேண்டும். அடுத்த கிராம சபைக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதில் பாதிப் பக்கம் காலியாக இருந்தால் பாட்டியையும் தாத்தாவையும் உட்கார வைத்து அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளையை எழுத விடுங்கள். கொக்கியை அதற்கு முன்பே, இன்று சாயங்காலமே, கழற்றிவிடுங்கள்.