போடி பாதையில் மின்கம்பி வந்தது. காலை வண்டி எங்கே?

மதுரை கோச்சடைக்குச் சற்றுத் தெற்கே ஒரு ரெயில் பாதை மேற்கு நோக்கிப் போகிறது. அதுதான் போடி பாதை. நீளம் சுமார் 90 கிலோமீட்டர்.

1928-ல் போட்ட மீட்டர் கேஜ் பாதை 2010 கடைசியில் மூடப்பட்டது. உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி, தேனி மக்கள் 10 ஆண்டுகளுக்கு மேல் பஸ்சையே நம்பி இருந்தார்கள். அகலப்பாதையில் 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூன் 15-ந் தேதி போடிக்கும் ரெயில் வந்தது.

வந்தது டீசல் வண்டி! சென்னையில் இருந்து மின்சார என்ஜினில் வந்த எக்ஸ்பிரஸ், மதுரையில் அதைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜினை மாட்டிக்கொண்டது. பிறகுதான் இந்தப் பாதையிலும் மின்கம்பி போட்டார்கள்.

என்ன வித்தியாசம்?

டீசல் என்ஜினிலும் சக்கரத்தைச் சுழற்றுவது மின்சார மோட்டார்தான். எண்ணெயை எரித்து, தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டு ஓடுகிறது. மின்சார என்ஜினுக்கு அந்தச் சுமை இல்லை. மேலே உள்ள கம்பியில் இருந்து 25 ஆயிரம் வோல்ட் மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. (அந்தக் கம்பியைத் தொடவே வேண்டாம், நெருங்கினாலே ஆபத்து. பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.)

நின்று கிளம்பும்போது மின்சார வண்டி சீக்கிரம் வேகம் பிடிக்கும். ஊருக்கு ஊர் நிற்கும் வண்டிக்கு இதுதான் பெரிய லாபம்.

சென்னையில் கடற்கரை–தாம்பரம் மின்சார ரெயில் 1931-லேயே வந்துவிட்டது. அது மாற்றியது கரி என்ஜினை. புகை போனது ஒரு நன்மை. ஆனால் ஜனங்களுக்குப் பிடித்தது வேறு: ஒரு வண்டியை விட்டால் சற்று நேரத்தில் அடுத்த வண்டி! வீடு தாம்பரத்தில், வேலை பட்டணத்தில் என்று குடும்பங்கள் வாழ முடிந்தது.

போடியில் நடந்தது என்ன? 2023-ல் தினசரி வண்டி ஒன்றுதான். அதுவும் காலையில் மதுரையில் கிளம்பிப் போடி போய், மாலையில் திரும்பியது. உசிலம்பட்டியில் இருந்து காலையில் மதுரைக்கு வேலைக்கோ, கல்லூரிக்கோ, பெரியாஸ்பத்திரிக்கோ வருகிறவருக்கு அது எதிர்த்திசை வண்டி! சென்னை எக்ஸ்பிரசோ வாரம் 3 நாள்தான்.

கம்பி, தூண், துணை மின்நிலையம் எல்லாவற்றுக்கும் செலவு ஒரு வண்டி ஓடினாலும் 20 வண்டி ஓடினாலும் ஏறக்குறைய ஒன்றே. எண்ணெய் மிச்சம் வண்டி ஓடினால்தான் கிடைக்கும்.

ஒற்றைப் பாதைதான். எதிர் எதிர் வண்டிகள் ஸ்டேஷனில் காத்திருந்துதான் விலக வேண்டும். ஆனாலும் 'மெமு' வண்டிக்கு இரண்டு முனையிலும் டிரைவர் அறை உண்டு. போடியில் என்ஜினைக் கழற்றி மறுபக்கம் மாட்டும் வேலை இல்லை. பிரயாணம் சுமார் 2 மணி நேரம். காலை 6 மணிக்குப் போடியில் கிளம்பினால் 8 மணி வாக்கில் மதுரை வந்துவிடலாம்.