பார்த்த படங்களுக்கு ஒரு கொப்பி

ஒரு வருடத்தில் எத்தனை திரைப்படங்கள் பார்த்தோம் என்று கேட்டால் நம்மில் அநேகருக்கு விடை தெரியாது. "நிறைய" என்போம், அல்லது "அவ்வளவா இல்ல" என்போம். வாசித்த புத்தகங்களின் கணக்கு நூலகத்தில் இருக்கும். படித்த நேரத்தின் கணக்கு சுவரில் ஒட்டிய நேரசூசியில் இருக்கும். இரண்டரை மணித்தியாலம் கண்ணெடுக்காமல் பார்த்த படத்துக்கு மட்டும் எங்கும் பதிவு கிடையாது. பார்த்த படங்களைத் திகதியிட்டு ஒரு கொப்பியில் எழுதி வருவது நல்ல பழக்கம் என்பது என் கருத்து. எமது பிரதேசத்துப் பெண்பிள்ளைகளுக்கு அது அவசியமான பழக்கம் என்றும் சொல்வேன்.

உயர்தரப் பரீட்சையை முன்னால் வைத்துக்கொண்டு படம் பார்ப்பது போதாதென்று அதற்கொரு கொப்பியுமா என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். படமே கூடாது என்று இருக்கும் வீடுகளும் நமக்குள் உண்டு. அந்த வீடுகளின் தீர்மானத்தை நான் மதிக்கிறேன். அவர்களுக்குக் கொப்பி தேவையில்லை. ஆனால் தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் படம் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளே அதிகம். அந்த வீடுகளில் வாழும் நாம் எதைப் பார்த்தோம், எவ்வளவு பார்த்தோம் என்று நமக்கு நாமே கணக்குக் கேட்டுக்கொள்வது நல்லதுதானே? தன்னைத் தானே விசாரித்துக்கொள்ளும் முஹாஸபா நமக்குப் புதிய சொல்லல்ல.

கடந்த வருடம் ஜனவரி முதலாம் திகதி தொடக்கம் டிசம்பர் 31 வரை நான் இப்படி ஒரு கொப்பி எழுதினேன். நாற்பது பக்கத்துச் சாதாரண சி.ஆர். கொப்பி. திகதி, படத்தின் பெயர், மொழி, எங்கே பார்த்தேன், யாரோடு பார்த்தேன், யார் தெரிவு செய்தது என்று ஆறு நிரல்கள். கடைசியில் ஒரு வசனத்துக்கு இடம். ஒரு படத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் செலவாகவில்லை. வருட முடிவில் மொத்தம் 47 படங்கள். நோன்பு மாதத்தில் ஒரு வரிகூட இல்லை. பெருநாள் விடுமுறையில் மட்டும் நான்கு.

இது நான் கண்டுபிடித்த வழக்கமல்ல. அமெரிக்க இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க், முந்தைய வருடம் தான் பார்த்த படங்களையும் வாசித்த நூல்களையும் நாள்வாரியாகப் பட்டியலிட்டு ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் வெளியிட்டு வருகிறார். நீண்ட விமர்சனம் எதுவும் அதில் இருக்காது. தான் எடுத்துக்கொண்டிருக்கும் படத்தைத் தொகுப்பு வேளையில் திரும்பத் திரும்பப் பார்த்தால் அதையும் அந்தந்த நாளில் குறித்திருப்பார். 2011 இல் நியூசிலாந்தில் தொடங்கப்பட்ட லெட்டர்பாக்ஸ்ட் என்ற செயலியில் இன்று உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் தாம் பார்த்த படங்களை நாட்குறிப்பாக எழுதுகிறார்கள்.

நம் பக்கத்திலேயே இதைவிடப் பெரிய உதாரணங்கள் இரண்டு உண்டு. 1964 இல் புனேயில் தொடங்கப்பட்ட இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கட்டியெழுப்பியவர் பி.கே. நாயர். சிறுவயதில் கேரளத்தில் படம் பார்க்கத் தொடங்கிய காலத்திலேயே நுழைவுச்சீட்டின் கிழித்த துண்டுகளைச் சேர்த்து வைத்தவர் அவர். காப்பகத்துக்கு வந்த பிறகும் இருட்டில் இருந்து படம் பார்த்தபடியே கொப்பியில் குறிப்பெடுப்பது அவருடைய வழக்கமாக இருந்தது. 2012 இல் சிவேந்திர சிங் துங்கார்பூர் அவரைப் பற்றி 'செல்லுலாய்ட் மேன்' என்ற ஆவணப்படம் எடுத்தார். தமிழில் அப்படிப்பட்டவர் 'ஃபிலிம் நியூஸ்' ஆனந்தன். 1958 இல் வெளிவந்த 'நாடோடி மன்னன்' படத்துக்கு மக்கள் தொடர்பாளராக வேலை செய்த அவர், வெளிவந்த ஒவ்வொரு தமிழ்ப் படத்தின் விபரத்தையும் எழுதி எழுதியே ஒரு வரலாற்றைச் சேர்த்தார். அந்த உழைப்பு 2004 இல் 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்ற பெரிய நூலாக வந்தது. நாயரும் ஆனந்தனும் 2016 மார்ச் மாதத்தில் சில நாட்கள் இடைவெளியில் காலமானார்கள்.

இவர்கள் எழுதி வைத்ததால் என்ன பயன்? தமிழின் முதலாவது பேசும்படமான 'காளிதாஸ்' 1931 ஒக்டோபர் 31 இல் வெளியானது. இன்று அதன் பிரதி எங்கும் இல்லை. அன்றைய பத்திரிகைக் குறிப்புகளும் விளம்பரங்களும்தான் அந்தப் படத்தை நமக்குச் சொல்கின்றன. அதற்கு முன்னர் நடராஜ முதலியார் எடுத்த பேசாப்படம் 'கீசக வதம்' அதுவும் இல்லை. ஆயிரக்கணக்கானோர் பார்த்துச் சிரித்து அழுது எழும்பிப் போன படங்கள் இவை. படச்சுருள் அழிந்தபோது மிஞ்சியது காகிதத்தில் இருந்த எழுத்து மட்டுமே.

எமது நாட்டின் கதை இன்னும் வேதனையானது. 1983 ஜூலை வன்செயலில் ஹெந்தலையில் இருந்த கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது படச்சுருள்களும் சேர்ந்து எரிந்தன. கட்டடக் கலைஞர் வி.எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு' 1972 இல் வந்தது. தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த 'பொன்மணி' 1977 இல் வந்தது. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய 'வாடைக்காற்று' அடுத்த வருடம் வந்தது. இவற்றின் பெயர்களை எனது வகுப்பில் யாரும் கேள்விப்பட்டதில்லை. தம்பிஐயா தேவதாஸ் 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை' என்ற நூலை எழுதியிராவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது. அவர் எழுதியது படம் எடுத்தவர்களின் கதை. படம் பார்த்தவர்களின் கதையை எழுத இன்னும் யாரும் வரவில்லை. அதை நாம்தான் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

வாப்பாவின் உத்தியோகம் காரணமாக நாங்கள் கோப்பாயில் குடியிருக்கிறோம். உம்மும்மா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்து வளர்ந்தவர். சிறுமியாகத் தன் வாப்பாவோடு தியேட்டரில் 'பாவமன்னிப்பு' பார்த்ததாகச் சொல்வார். ரஹீம் என்ற முஸ்லிம் இளைஞனாகச் சிவாஜி கணேசன் நடித்த படம். இந்தியாவில் அது 1961 மார்ச்சில் வெளிவந்தது என்பதை ஆனந்தன் போன்றவர்களின் குறிப்பிலிருந்து யாரும் அறிந்துகொள்ளலாம். ஆனால் உம்மும்மா எந்த மாதம் பார்த்தார், கூட யார் போனார்கள், திரும்பி வரும் வழியில் என்ன பேசினார்கள் என்பதை அவரைத் தவிர யாரும் சொல்ல முடியாது. "உங்கட பெரிய மாமா பிறக்க முந்தி" என்பதோடு அவர் நிறுத்திவிடுவார். 1990 ஒக்டோபர் 30 இல் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேறச் சொன்னபோது கல்யாணப் படங்களையே விட்டுவிட்டு வந்த குடும்பம் எங்களுடையது. அன்று ஒரு கொப்பி இருந்திருந்தாலும் வந்து சேர்ந்திருக்குமோ தெரியாது. ஆனால் எழுதியிருந்தால் நான்கு பிள்ளைகளுக்காவது வாசித்துக் காட்டியிருப்பார். அவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

பக்கத்து வீட்டு அன்ரி வேறொரு கதை சொல்வார். தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் கிடையாது. தொலைக்காட்சி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று நான்கு படங்கள் பார்ப்பார்களாம். மண்ணெண்ணெய்க்கு யார் யார் காசு போட்டார்கள் என்பது அவருக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. படங்களின் பெயரில் இரண்டுதான் நினைவுக்கு வருகின்றன. அதே காலத்தில் உம்மா புத்தளத்தில் ஓலைக் குடிசையில் இருந்தார். வீதியோரத்து வீடொன்றின் யன்னலுக்கு வெளியே நின்று படம் பார்த்த பிள்ளைகளில் அவரும் ஒருவர். அவருக்கும் பெயர்கள் ஞாபகமில்லை. இரண்டு பக்கத்திலும் ஒரே படத்தைப் பார்த்திருக்கவும் கூடும். எழுதியிருந்தால் இன்று மதில் மேலால் கதைத்துக்கொள்ளும் இந்த இருவரும் அதைக் கண்டுபிடித்திருப்பார்கள்.

கொப்பியின் இன்னொரு பயனை எனது ஐந்தாவது, ஆறாவது நிரல்கள் காட்டின. 47 படங்களில் நானா தெரிவு செய்தவை 21. தொலைக்காட்சி அலைவரிசை தன் விருப்பத்துக்குப் போட்டவை 11. தோழிகள் சொன்னவை 6. நானாகத் தேடிப் பார்த்தவை 7. உம்மா தெரிவு செய்தவை 2. ஆனால் "யாரோடு" என்ற நிரலில் உம்மாவின் பெயர் முப்பது தடவைக்கு மேல் இருக்கிறது. வீட்டில் எல்லோரையும்விட அதிகம் பார்த்தவர்களில் ஒருவர், எதைப் பார்ப்பது என்று இரண்டே தடவைதான் சொல்லியிருக்கிறார். இது யாரும் திட்டமிட்டுச் செய்த அநியாயமல்ல. ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர் அழுத்துகிறார், அவ்வளவுதான். கொப்பியை நானாவிடம் காட்டினேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை இரவு, "உம்மா, இண்டைக்கு நீங்க சொல்லுங்க" என்றார்.

மொழியின் கணக்கும் யோசிக்க வைத்தது. தமிழ் 38, மலையாளம் 4, ஹிந்தி 2, ஆங்கிலம் 2, சிங்களம் 1. இந்த நாட்டின் பெரும்பான்மை மொழியில் ஒரு வருடத்தில் ஒரே ஒரு படம். அந்தத் தமிழ்ப் படங்களிலும் இலங்கையில் எடுக்கப்பட்டவை இரண்டு. மற்றப் பக்கத்து மாணவி ஒருத்தி கொப்பி எழுதினால் தமிழ் நிரலில் என்ன இருக்கும்? 2015 இல் தொடங்கிய யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழா போன்ற இடங்களில் மட்டும்தான் இந்த இரண்டு பக்கமும் ஒரே திரைக்கு முன்னால் உட்காருகின்றன.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, நான் வருட நடுவில் ஓரமாகப் பென்சிலால் சேர்த்த ஒரு குறிப்பு. தமிழ் சினிமாவில் முஸ்லிம்களைக் காட்டும் விதம் சரியில்லை என்று நாம் அடிக்கடி பேசிக்கொள்கிறோம். பேச்சு எப்போதும் ஆதங்கத்தோடு முடிந்துவிடும். எத்தனை படம், எந்தப் படம் என்று எதிரில் இருப்பவர் கேட்டால் பதில் இருக்காது. எனவே எண்ணினேன். 38 தமிழ்ப் படங்களில் பெயர் சொல்லத்தக்க முஸ்லிம் பாத்திரம் வந்தவை 9. அவற்றில் 4 இல் அந்தப் பாத்திரத்தின் கையில் ஆயுதம் இருந்தது. 3 இல் அவர் கதாநாயகனின் நண்பர். அந்த மூவரில் இருவர் இடைவேளைக்குப் பிறகு இறந்துபோனார்கள். முஸ்லிம் பெண்ணொருத்தி முழுதாக ஒரு காட்சியிலாவது பேசியவை 2. ஒரு வீட்டின் ஒரு வருடத்துக் கணக்கை வைத்துத் தமிழ் சினிமா முழுவதற்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நாற்பது வீடுகளின் கொப்பிகள் இருந்தால் அதை யாரும் வெறும் ஆதங்கம் என்று தள்ளிவிட முடியாது.

எண்ணியதால் நல்லதும் கண்ணில் பட்டது. உம்மா தெரிவு செய்த இரண்டில் ஒன்று 2018 இல் வந்த மலையாளப் படமான 'சுடானி ஃப்ரம் நைஜீரியா'. மலப்புறத்துக் கால்பந்துக் குழு ஒன்றுக்கு விளையாட வந்து காயப்பட்ட நைஜீரிய இளைஞனை, குழு நடத்துபவனின் தாயும் அவருடைய தோழியும் பராமரிக்கும் கதை. அந்த இரண்டு உம்மாமாரும் சமைக்கிறார்கள், சிரிக்கிறார்கள், மொழி தெரியாத பிள்ளைக்காக அழுகிறார்கள். கையில் ஆயுதம் இல்லை, நெற்றியில் அடையாளச் சீட்டு இல்லை. கொப்பியின் கடைசி நிரலில் அன்று நான் உம்மா சொன்னதையே எழுதினேன்: "இது எங்கட வீடு மாதிரி." நாற்பத்தேழு வசனங்களில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். கணக்கு எழுதத் தொடங்கியதும் எண்ணிக்கையைக் கூட்டும் ஆசை வரும். செயலிகளில் ஒரு வருடத்துக்கு முந்நூறு, நானூறு என்று போட்டிபோடுவோர் உண்டு. அந்தப் போட்டி நமக்கு வேண்டாம். பாடம் இருக்கிறது, தொழுகை இருக்கிறது, வீட்டு வேலை இருக்கிறது. ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று போடுவதும் தேவையில்லை. நட்சத்திரம் பத்து வருடத்துக்குப் பிறகு ஒன்றும் சொல்லாது. "மழை, கரண்ட் போனது, கடைசிக் காட்சியை மறுநாள் பார்த்தோம்" என்ற வரி அந்த இரவையே திருப்பிக் கொண்டுவரும். கொப்பியை நிரப்புவதற்காகப் படம் பார்க்கத் தொடங்கினால் அன்றே மூடிவைப்பது நல்லது.

தோழியரே, இந்த இதழை வாசித்து முடித்ததும் பழைய கொப்பி ஒன்றின் பின்பக்கத்தில் ஆறு நிரல்கள் கீறுங்கள். "யார் தெரிவு செய்தது" என்ற நிரலை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதற்கு முன்னால் இன்னொரு வேலையும் இருக்கிறது. வீட்டில் உம்மும்மாவோ வாப்பும்மாவோ இருந்தால் பக்கத்தில் அமர்ந்து, அவர் பார்த்த படங்களில் ஞாபகம் உள்ளவற்றை, யாரோடு, எந்தத் தியேட்டரில், யார் பிறக்க முந்தி என்று கேட்டு எழுதுங்கள். எமது தமிழ் மன்றம் இவற்றைச் சேர்த்து ஒரு பதிவேடாகக் கட்டி நூலகத்தில் வைக்கலாம். எங்கள் வீட்டிலிருந்து இப்போதைக்கு ஒன்பது பெயர்கள் தருகிறேன், முதலாவது 'பாவமன்னிப்பு'.