வால்வு ரேடியோவின் குடலை உருவாதீர்கள்

பரணில் கிடந்த மர்ஃபியையோ பிலிப்ஸையோ இறக்கி, உள்ளிருப்பதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எஃப்.எம்., புளூடூத் போர்டு வைக்கிறார்கள் சிலர். எனக்குச் சம்மதமில்லை. வால்வுகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், காய்ந்துபோயிருப்பவை கண்டன்ஸர்கள். மாற்றாமல் நேரே பிளக்கில் சொருகினால் டிரான்ஸ்பார்மர் புகைந்துவிடலாம். முதலில் 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போடுங்கள். மங்காமல் பளிச்சென்றே எரிந்தால் உள்ளே ஷார்ட். 200 வோல்ட்டுக்கு மேல் ஓடும் பெட்டி. அணைத்த பிறகும் ஷாக் அடிக்கும், ஜாக்கிரதை.

அப்பா வருஷா வருஷம் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டிக் கேட்ட பெட்டி எங்களுடையது. கண்டன்ஸர்களை மாற்றினேன். வால்வு சூடேறியதும் மீடியம் வேவில் திருச்சி பேசியது, 1939-இல் தொடங்கிய நிலையம்! பேரனுக்கு எஃப்.எம். வேண்டுமென்றால் தனியாக ஒன்று வாங்கித் தரலாமே.