இரண்டு ஏலங்கள்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் விடப்படுவதால், அவ்வாறு கூவி விற்கும் முறைக்கே ஏலம் என்ற பெயர் வந்ததோ என்று நம் பகுதியில் சிலர் எண்ணக்கூடும். அழகிய கற்பனைதான், ஆயினும் உண்மை வேறு.

காயைக் குறிக்கும் ஏலம் நம் மலைச்சொல். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய ஏலாதி, ஏலத்தை முதலாகக் கொண்ட மருந்தின் பெயரைத் தாங்கியது. ஏலம் ஒரு பங்கு, இலவங்கம் 2 பங்கு என ஏறிச்சென்று, சுக்கு 6 பங்கோடு முடியும் மருந்து அது. கம்பம் பகுதியில் கன்னடம் பேசும் குடும்பங்களும் உண்டு. அம்மொழியில் இக்காய் ஏலக்கி. அக்கி என்றால் அரிசி. நாம் ஏலரிசி என்பதில்லையா, அது போலத்தான். வடமொழியில் ஏலா என்பர். மேற்குத் தொடர்ச்சி மலையே இச்செடியின் தாயகமாதலின், சொல்லும் தெற்கிலிருந்தே வடக்கே சென்றது எனக் கொள்வது பொருத்தம்.

விற்பனையைக் குறிக்கும் ஏலமோ கப்பலேறி வந்தது. 1498-இல் கோழிக்கோட்டை அடைந்த போர்த்துக்கீசியரின் மொழியில் அது லெய்லாவ்ங். அவர்கள் அதை அராபியரிடமிருந்து பெற்றனர். இந்தியில் அது நீலாம், மராத்தியில் லிலாவ், தெலுங்கில் வேலம், இந்தோனேசியாவில் லெலாங் என்று ஊருக்கோர் உடை உடுத்தது. மலையாளத்தில் லேலம். தமிழிலோ லகரம் சொல்லுக்கு முதலாகாது. ஆகவே ‘லோகம்’ உகரம் பெற்று உலகமாயிற்று. ‘லேலம்’ முதலெழுத்தின் மெய்யையே இழந்து ஏலமாயிற்று. கம்பம்மெட்டு வழியாகக் காயெடுக்கச் செல்லும் நம் தாய்மார், மலையாளக் கணக்கர் ‘லேலம்’ என்பதைக் கேட்டு நகைக்க வேண்டாம். மூலத்தை ஒட்டிப் பேசுபவர் அவரே!

அயற்சொல் என்று இதனைத் தள்ளுவாரோடு எனக்கு உடன்பாடில்லை. தள்ளத் தொடங்கினால் மேசை, சாவி, அலமாரி, சன்னல் யாவும் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். பாதிரியும் உடன் போக வேண்டியதே. கப்பலில் வந்த இச்சொல்லை நம்பித்தான் இன்று மலையில் பல குடும்பங்களின் அடுப்பு எரிகிறது. ஏலத்தில் விலை சரிந்த வாரம், காயெடுக்கும் தாய் கடைக்காரரிடம் கடன் சொல்லும் வாரம்.

நறுமணப் பொருள் வாரியத்தின் போடி ஏலக்கூடத்தில் இன்று வியாபாரிகள் கணிப்பொறியின் முன் அமர்ந்தே விலை கேட்கின்றனர். ஒருதரம், இரண்டுதரம் என்று கூவுவாரில்லை. அக்குரலைக் கேட்க விரும்புவோர், திருவிழாப் பூசை முடிந்து நேர்ச்சைக் கோழி ஏலம் போகும் கோயில் முற்றத்திற்கு வரலாம். சந்தையில் விற்பதைவிட அங்கே கோழிக்கு விலை அதிகம்.