மூன்று விநாடி மௌனம்

வானொலிக்காரர்களுக்குப் பேய் பிசாசைவிட மௌனத்தைக் கண்டால்தான் பயம். பாடல் முடிந்து, ஒலிவாங்கி திறந்திருக்கும்போது மூன்று விநாடி யாரும் பேசாவிட்டால் போதும், நிலையத்தில் எல்லார் முகமும் மாறிவிடும். வகுப்பறையில் கதையே வேறு. கேள்வி கேட்டபின் அதே மூன்று விநாடியை வேண்டுமென்றே விட்டுவைக்கும்படி ஆசிரியர் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இதை ஆராய்ந்து சொன்னவர் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் அவர் கண்டார். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது மாணவர்களின் பதில் நீண்டது. வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள்.

இரண்டு விநாடி கூடுதலாகக் காத்திருக்கக்கூடப் படிப்பு வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும் என்பதுதான் இந்த வாரப் பேச்சு.

“எஸ்பிஎம் முடித்துவிட்டேன், இடைநிலைப்பள்ளி ஆசிரியராக என்ன படிக்க வேண்டும்?” என்ற கேள்வி ஆண்டுதோறும் வருகிறது. கூடவே, “வேற எதுவும் கிடைக்கலன்னா வாத்தியார் வேலைக்குப் போ” என்ற நம் வீட்டு அறிவுரையும் வருகிறது. இரண்டையும் ஒன்றாகவே பார்த்துவிடுவோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். ஆசிரியர் படிப்பு என்றதும் நம் குடும்பங்களுக்கு நினைவுக்கு வருவது ஆசிரியர் கல்விக் கழகம், அதாவது ஐபிஜி. நாடு முழுவதும் அதற்கு 27 வளாகங்கள் உள்ளன. எஸ்பிஎம் முடித்தவர்கள் ஓராண்டு ஆயத்தப் படிப்பும் நான்காண்டு பட்டப்படிப்பும் படிக்கிறார்கள். நல்ல பாதைதான். ஆனால் அது பெரும்பாலும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களை உருவாக்கும் பாதை. படிவம் 1, 2, 3 பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த விரும்புகிறவர் வேறு கதவைத் தட்ட வேண்டும்.

அங்கே இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று, எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன், அடிப்படைக் கல்வி, டிப்ளோமா ஆகியவற்றில் ஒன்றை முடித்து, அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் இளங்கலைப் பட்டம் படிப்பது. கணிதமோ அறிவியலோ தமிழோ, எடுத்த பாடத்தையும் அதைக் கற்பிக்கும் முறையையும் ஏறக்குறைய நான்காண்டில் சேர்த்தே படித்துவிடலாம். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இதில் பெயர் பெற்றது. 1922இல் மலாய் ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் பல்கலைக்கழகமான இடம் அது. மற்றொன்று, ஏதாவது ஒரு துறையில் சாதாரணப் பட்டம் பெற்றுவிட்டு, பிறகு பட்டதாரிகளுக்கான கல்வியியல் டிப்ளோமா படிப்பது. இருபத்தாறு, இருபத்தேழு வயதில் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு “நான் ஆசிரியராகியிருக்கலாமே” என்று யோசிக்கிறவர்களுக்கு இந்த இரண்டாவது கதவு.

முதல் கதவில் நுழைய மெட்சி என்ற தேர்வு உண்டு. பாடப் புத்தகத்தை மனப்பாடம் செய்து எழுதும் தேர்வு இல்லை. உங்கள் ஆளுமை, ஆர்வம், நேர்மை, உணர்வுகளைக் கையாளும் விதம் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். அதைத் தாண்டினால் நேர்முகம். “ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்கள்?” என்ற கேள்விக்கு “விடுமுறை நிறைய கிடைக்கும்” என்பதைத் தவிர வேறு பதில் வைத்துக்கொள்வது நல்லது.

உள்ளே போனால் என்ன படிப்பார்கள்? எல்லாப் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் உள்ள கட்டாயப் பாடங்கள் ஒரு பங்கு. எடுத்துக்கொண்ட முதன்மைப் பாடம் பெரும் பங்கு. ஆனால் ஒரு பட்டதாரியை ஆசிரியராக்குவது மூன்றாவது பங்குதான்: தேசியக் கல்வித் தத்துவம், மாணவர் வளர்ச்சி உளவியல், கற்பித்தல் முறை, வகுப்பறை மேலாண்மை, மதிப்பீடு, சிறப்புத் தேவை உள்ள மாணவர்கள், தொழில்நுட்பப் பயன்பாடு. இவை பெயரளவில் வறண்டதாகத் தெரியும். ஒரு படிவம் 1 வகுப்பில் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த ஒரு பதின்மூன்று வயதுப் பையன் ஜனவரி வரை தெரிந்த முகங்களோடு, தெரிந்த மொழியில் கணிதமும் அறிவியலும் படித்தவன். இடைநிலைப்பள்ளிக்குள் நுழைந்ததும் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருகிறார். பின்னம் ‘பெச்சாஹான்’ ஆகிவிடுகிறது. ஒளிச்சேர்க்கை ‘ஃபோத்தோசிந்தேசிஸ்’ ஆகிவிடுகிறது. ஆசிரியர் கேட்கிறார், பையன் பேசாமல் நிற்கிறான். அவனுக்குப் பின்னம் தெரியவில்லையா, ‘பெச்சாஹான்’ என்ற சொல் தெரியவில்லையா?

இந்த இரண்டும் ஒன்றல்ல. சொல் தெரியாத பிள்ளைக்குச் சொல்லைக் கொடுத்தால் போதும். கணக்கு தெரியாத பிள்ளைக்குக் கணக்கை மீண்டும் நடத்த வேண்டும். பயிற்சி பெறாத கண்ணுக்கு இருவருமே ‘மக்கு’. மதிப்பீடு என்ற பாடம் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத்தான். ஒரு படம் வரைந்து காட்டச் சொல்வது, மலாய்ச் சொல் இல்லாமல் எண்களை மட்டும் கொடுத்துப் பார்ப்பது எனச் சின்னச் சின்ன வழிகள் இருக்கின்றன. அவை தெரியாத ஓர் ஆசிரியரிடம் சிக்கினால், தமிழ்ப்பள்ளியில் கை உயர்த்திய பிள்ளை மூன்று மாதத்தில் கடைசி வரிசைக்குப் போய்விடுவான். அங்கிருந்து அவனைத் திரும்ப முன்வரிசைக்குக் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்று பெற்றோருக்குத் தெரியும்.

உளவியலும் அப்படித்தான். பன்னிரண்டு வயதையொட்டித்தான் பிள்ளைகள் கண்ணால் காணாத கருத்துகளை வைத்துச் சிந்திக்கத் தொடங்குகிறார்கள் என்றார் பியாஜே. ‘நான் யார்?’ என்ற கேள்வியோடு போராடும் பருவம் இது என்றார் எரிக்சன். இதைப் படித்த ஆசிரியர், படிவம் 2 மாணவன் எதிர்த்துப் பேசினால் உடனே “என்ன திமிரு!” என்று எடுத்துக்கொள்ள மாட்டார். கண்டிக்க வேண்டிய இடத்தில் கண்டிப்பார். ஆனால் நண்பர்கள் முன்னால் அவமானப்படுத்த மாட்டார். அமெரிக்காவின் சில மாநிலங்களில் 4ஆம் வகுப்பு முதல் 8ஆம் வகுப்பு வரை கற்பிக்கவே தனிச் சான்றிதழ் உண்டு. நம் நாட்டில் அப்படித் தனியே இல்லை. இடைநிலைப்பள்ளி ஆசிரியர் படிவம் 1க்கும் போவார், படிவம் 5க்கும் போவார். அதனால் இந்த வயதைப் பற்றிப் படிக்கும் சில பாடங்களை ‘தேர்ச்சி பெற்றால் சரி’ என்று தள்ளிவிடக் கூடாது.

கடைசியில் வருவது பயிற்றுப்பணி. பயிற்சி ஆசிரியர் உண்மையான பள்ளிக்கே போய்ப் பல வாரங்கள் பாடம் நடத்த வேண்டும். இரவெல்லாம் நாள்பாடத் திட்டம், பயிற்றுத் துணைப்பொருள், காலையில் சபைகூடல், மாலையில் புறப்பாட நடவடிக்கை. வழிகாட்டி ஆசிரியர் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். விரிவுரையாளர் வந்து பார்வையிடுவார். நாற்பது நிமிடத்துக்கு எழுதிய திட்டம் பதினைந்தாவது நிமிடத்தில் தீர்ந்துபோகும் அனுபவம் பலருக்கும் உண்டு. நான் ஊடகத்துறையில் பட்டம் வாங்கியவன். என் நிகழ்ச்சி பிடிக்காவிட்டால் நேயர் அலைவரிசையை மாற்றிக்கொள்வார். 1 பெர்சே வகுப்பு மாணவன் எங்கே மாற்றுவான்? அவனுக்கு அந்த ஆசிரியர்தான். அதனால்தான் அவருக்கு இத்தனை பயிற்சி.

பட்டம் வாங்கியதும் வேலை மேசையில் வந்து நிற்காது. அரசாங்கப் பள்ளிக்குக் கல்விச் சேவை ஆணையத்தின் நேர்முகத்தைத் தாண்டி, நியமனத்துக்குக் காத்திருக்க வேண்டும். முதல் பணியிடம் வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சபாவோ சரவாக்கோ என்றால் அம்மா அழுவார். இதையெல்லாம் விண்ணப்பிக்கும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ்மொழி கற்பிக்க ஏற்பாடு செய்யப்பட வேண்டும். கேட்காவிட்டால் வகுப்பு இருக்காது. வகுப்பு இல்லாத பள்ளிக்குத் தமிழாசிரியர் எதற்கு? பிறகு, “எங்கள் பள்ளியில் தமிழ் பேசும் ஆசிரியரே இல்லை” என்று நாமே வருத்தப்படுகிறோம். பிள்ளை படிவம் 1இல் சேரும் வாரத்திலேயே மற்ற பெற்றோரைத் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்கிக் கடிதம் கொடுங்கள். வாட்ஸ்அப் குழு எதற்குத்தான் இருக்கிறது?

எஸ்பிஎம், எஸ்டிபிஎம் முடித்த தம்பி தங்கைகளே, விண்ணப்பப் பாரத்தில் கல்வியியலைக் கடைசித் தேர்வாகப் போடும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். அக்கம்பக்கத்தில் படிவம் 1 படிக்கும் ஒரு பிள்ளைக்கு நான்கு வாரம் கணக்கு சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். அவன் தப்பாகச் செய்யும்போது உங்களுக்கு எரிச்சல் வருகிறதா, ‘எங்கே தடுமாறுகிறான்?’ என்று பார்க்கத் தோன்றுகிறதா என்று கவனியுங்கள். எரிச்சல் வந்தால் வேறு நல்ல துறைகள் எத்தனையோ உண்டு. இரண்டாவது தோன்றினால், முதல் தேர்வாகவே போடுங்கள்.