தரையிற் கிடக்கும் பாதி விளைவு

மக்காச்சோள அறுவடைக்கு இயந்திரம் வந்ததை நாம் குறை கூறவில்லை. கூலியாட்கள் அரிதாகிவிட்ட இக்காலத்தில், பல நாள் வேலையைச் சில மணி நேரத்தில் முடிக்கும் சாதனத்தைக் குடியானவர் நாடுவது நியாயமே. ஆனால் அவ்வியந்திரம் மணியை மட்டும் சேர்த்துக்கொண்டு தட்டையை நசுக்கிப் போட்டுவிட்டுச் செல்கிறது. மணி எவ்வளவு எடையோ, தட்டை, தோகை, சக்கை ஆகியவற்றின் உலர்ந்த எடையும் ஏறக்குறைய அவ்வளவு. விளைவில் பாதி தரையிற் கிடக்கிறது. அதற்குத் தீ வைப்பவர்களும் உண்டு.

தென்காசி ஜில்லாவில் மலையடிவாரத்திலுள்ள ராயகிரியையும், அதையடுத்த சங்கரன்கோவில் வட்டாரத்து மானாவாரிக் கரிசலையும் எண்ணிப் பாருங்கள். புரட்டாசியில் விதைத்தது தை, மாசியில் அறுவடையாகிறது. அடுத்து வருவது கோடை. சோளத்தட்டையைப் படப்பு வைத்த நம் முன்னோர் இதை உணர்ந்தே செய்தனர். 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சிக்குள்ளானதாக ராஜ்ய சர்க்கார் அறிவித்ததை நாம் மறக்கலாமா? அத்தகைய வருஷத்தில் தட்டைக்கு மதிப்பு ஏது?

தட்டையைச் சேகரிப்பதில் நிதானம் தேவை. அறுவடையின்போது தட்டையில் ஈரம் மிகுதி. உடனே கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். சில நாள் காயவிட்டு, மண் சேராதபடி வரிசையாக ஒதுக்கி, பிறகு கட்டு இயந்திரத்தை விடவேண்டும். தடித்த தண்டை மாடு ஒதுக்கும். நறுக்கிப் போட்டால் தின்னும். முழுவதையும் வழித்தெடுக்கவும் கூடாது. ஒரு பங்கு நிலத்திற் கிடந்தால் ஈரம் காக்கும், அரிப்பைத் தடுக்கும், சாம்பல் சத்தும் மண்ணுக்கே திரும்பும்.

அமெரிக்காவில் அயோவா ராஜ்யத்து நெவாடா என்ற ஊரில், இத்தட்டையிலிருந்து எரிசாராயம் வடிக்கும் பெரிய ஆலையை டூபாண்ட் கம்பெனி 2015-ல் திறந்தது. இரண்டே வருஷத்தில் அதை விற்க முற்பட்டது. ஆலை வருமென்று காத்திராமல், தொழுவத்தை நோக்குவதே நமக்கு உகந்தது.

சிறு குடியானவர் தனியே கட்டு இயந்திரம் வாங்க இயலாது. வேளாண்மைப் பொறியியல் துறை இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. அறுவடை இயந்திரம் வந்து போனபின், தட்டை காய்ந்ததும் கட்டு இயந்திரமும் அவ்வூருக்கு வரும்படி அத்துறை முறை வகுக்கவேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் கட்டுகளை வாங்கி வைத்து, நிலமற்ற மாட்டுக்காரருக்குக் கோடையில் நியாயமான விலைக்குக் கொடுக்கலாம். பொதுக்காரியங்களில் ஊக்கமுள்ள அன்பர்கள், வரும் தை மாதத்துக்கு முன்னரே இதை எடுத்து நடத்துவார்களென நம்புகிறோம்.