மீன் வியாதியும் சட்டமும்

மழை ஓய்ந்து பனி இறங்கும் மார்கழி, தை மாதங்களில் விரால், குறவை, கெண்டை முதலிய ஏரி மீன்களின் உடலில் சிவந்த புண் காணும். புண் ஆழ்ந்து சதையை அரிக்கும்; மீன் மாளும். நீரில் வளரும், பூஞ்சையை ஒத்த ஒரு நுண்ணுயிரே இதற்குக் காரணம். 1988-ல் வடகிழக்குப் பிரதேசத்தில் இந்தியாவிற்குள் புகுந்த இவ்வியாதி, சில வருஷங்களுக்குள் தென்னாட்டையும் வந்தடைந்தது. வீராணம், பெருமாள் ஏரி முதலியவற்றை நம்பிப் பிழைக்கும் நமது ஜில்லா மீனவர்களுக்கு இது அற்ப விஷயமன்று. முதுநகர்ச் சந்தையிலாயினும் சிதம்பரம் கடைத்தெருவிலாயினும், கூடையில் புண்பட்ட மீன் ஒன்றைக் கண்டால் வாங்க வந்தவர் திரும்பிவிடுவர். நல்ல மீனும் விலை போகாது.

சட்டம் என்ன செய்தது? 1897-ல் அன்னிய சர்க்கார் நமக்கு இயற்றிய மீன்வளச் சட்டம், வெடி வைத்தும் விஷமிட்டும் மீன் பிடிப்பதைத் தடுத்தது. வியாதியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதே ஆட்சியினர் தம் சொந்த நாட்டில் 1937-லேயே மீன் வியாதிச் சட்டம் செய்து, வியாதி கண்ட பிரதேசத்திலிருந்து உயிர்மீன் வெளியேறாமல் தடுக்கும் அதிகாரத்தை வகுத்துக்கொண்டனர். ஆயினும் அவர்களைக் குறை கூறி நாம் திருப்தியடைவதற்கில்லை. சுயராஜ்யம் பெற்று 62 வருஷங்கள் கழிந்த பின்னரே, 2009-ல், விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் நமது பார்லிமெண்டில் பிறந்தது.

அதன் அட்டவணையில் மீன் வியாதிகளும் உண்டு. ஆனால் 'விலங்கு' என்ற பதத்தின் வியாக்கியானத்தில் மாடு முதல் தேனீ வரை பெயர் சொன்னவர்கள், மீனைச் சொல்லவில்லை. ஏனையவற்றைப் பிரகடனத்தால் சேர்த்துக்கொள்ளலாமென்று விட்டுவிட்டார்கள். வியாதியைக் கண்டவர் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துக்கோ அறிவிக்கவேண்டும். அவர்கள் கால்நடை வைத்தியருக்கு எழுதவேண்டும். நாகப்பட்டினத்தில் 2012 முதல் மீன்வளச் சர்வகலாசாலையே நடக்கிறது. அங்கே பயின்றவருக்கோ இச்சட்டத்தில் வைத்தியர் ஸ்தானம் இல்லை.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. தன் குளத்து வியாதியைத் தானே காட்டிக்கொடுத்து நஷ்டமடைய எவன் முன்வருவான்? மறைத்து அடிமாட்டு விலைக்கு விற்பான். வியாதியும் மீனோடு பிரயாணம் செய்யும். மீன்பேன் முதலிய ஒட்டுண்ணிகளும் இவ்வாறே, பரிசோதிக்கப்படாத மீன்குஞ்சுகளோடு குளத்துக்குக் குளம் தாவுகின்றன.

ஆகவே நாம் கோருவன மூன்று. மீன் இச்சட்டத்துக்கு உட்பட்டதென்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றிச் செய்து, மீன்வள நிபுணருக்கும் அதில் அதிகாரம் அளிக்கவேண்டும். கேரள சர்க்கார் 2014-ல் மீன்குஞ்சுகளுக்கெனத் தனிச் சட்டம் செய்ததுபோல, இங்கும் குஞ்சுப் பண்ணைகளைப் பரிசோதித்து அத்தாட்சி வழங்கவேண்டும். உண்மையைச் சொன்ன மீனவனுக்கு நஷ்டஈடு நிச்சயமாகக் கிடைக்கவேண்டும். மூன்றாவது இல்லாவிடில் முதலிரண்டும் வீணே.

ஏட்டில் உறங்கும் சட்டம் ஏரியைக் காக்காது. நமது ஜில்லாவின் சட்டசபை அங்கத்தினரும் தேசத் தொண்டரும் அடுத்த பனிக்காலத்துக்குள் இதற்கு வழி செய்யவேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.